பழைய கணினியில் லினக்ஸ் போட்டால் திரை கறுத்துப்போவது ஏன்? ‘நோமோட்செட்’ என்றால் என்ன?

லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் தொடங்கும்போதே திரையின் அளவைத் தானே அமைக்கப் பார்க்கும். பழைய என்விடியா கிராபிக்ஸ் கார்ட் என்றால் அந்த வேலை, லினக்ஸோடு வரும் நூவோ என்ற டிரைவரிடம் (கார்டை இயக்கும் மென்பொருளிடம்) போகும். சில கார்ட்களோடு அது ஒத்துப்போகாது, திரை கறுத்துவிடும். ‘நோமோட்செட்’ என்பது “அதில் கைவைக்காதே, பயோஸ் தந்த திரையே போதும்” என்ற சொல். மாரியில் வன்னி ஒழுங்கை சேறானால் மோட்டார் சைக்கிளை விட்டுவிட்டுச் சைக்கிளை உருட்டிக்கொண்டு போவதில்லையா, அப்படி. மெதுவாகத்தான், ஆனால் வீடு போய்ச் சேரலாம்.

கணினி தொடங்கும்போது வரும் கிரப் பட்டியலில் ‘ஈ’ (e) விசையை அழுத்துங்கள். ‘லினக்ஸ்’ என்று தொடங்கும் வரியில், ‘குவயட் ஸ்பிளாஷ்’க்குப் பிறகு ஓர் இடைவெளி விட்டு, நோ, மோட், செட் மூன்றையும் ஒட்டி ஆங்கிலச் சிறிய எழுத்தில் (nomodeset) அடித்து எஃப்10 விசையை அழுத்துங்கள். இது அந்த ஒரு தடவைக்குத்தான். நீங்கள் போடுவது லினக்ஸ் மின்ட் என்றால், நிறுவியபின் டிரைவர் மேனேஜரைப் பாருங்கள். ஜீஃபோர்ஸ் 8, 9 வரிசை கார்ட்களுக்கான என்விடியாவின் 340 டிரைவருக்கு ஆதரவு 2019 இறுதியோடு நின்றுவிட்டது. புதிய கெர்னலில் அதோடு மல்லுக்கட்டாதீர்கள்.

நோமோட்செட் ஒரு டிரைவர் அல்ல: நிரந்தரமாக விட்டுவைத்தால் வீடியோ திக்கித் திக்கித்தான் ஓடும்.