வாசகர் கேள்வி பதில்: பிள்ளை பார்க்கும் அக்காவுக்குச் சம்பளம் கூட்டும்போது

கேள்வி: நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். எங்கள் பெண்ணை எட்டாம் மாதத்திலிருந்து 44 வயது அக்கா ஒருவர் பார்த்துக்கொள்கிறார். காலை எட்டரை முதல் மாலை ஐந்தரை வரை, ஞாயிறு விடுமுறை, சம்பளம் 12,000 ரூபாய். அடுத்த மாதத்தோடு ஒரு வருடம் ஆகிறது. எவ்வளவு கூட்டலாம்? தீபாவளிக்குக் கொடுத்த பணத்தையே சம்பள உயர்வாக வைத்துக்கொள்ளலாமா?
- வாசகி, கே.கே.நகர், மதுரை

பதில்: வைத்துக்கொள்ளக் கூடாது. தீபாவளிப் பணம் துணிமணிக்கும் பலகாரத்துக்கும் ஒரே வாரத்தில் செலவாகிவிடும். வாடகையும் அரிசியும் மாதா மாதம் ஏறுகின்றன, அதற்குத்தான் உயர்வு. 12,000-க்கு எட்டு சதவீதம் 960. முழுதாக 1,000 ரூபாய் கூட்டுங்கள். அவர் கேட்கும்வரை காத்திருக்காமல், எந்தத் தேதியிலிருந்து என்பதை ஒரு மாதம் முன்பே சொல்லிவிடுங்கள். நம் பக்கத்துப் பெண்கள் பலர் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். வேறு வீட்டில் கூடுதலாகத் தருகிறோம் என்றதும் சொல்லாமல் நின்றுவிடுவார்கள். பிள்ளைதான் ஏங்கிப்போகும்.

வேலை கூடினால் அது தனிக் கணக்கு. இரண்டாவது குழந்தை பிறந்தால், வீட்டுக்கு வந்த நாளிலிருந்தே கால் பங்காவது, அதாவது 3,000 ரூபாய் சேர்த்துக் கொடுங்கள். சமையலையும் பாத்திரத்தையும் மெல்ல மெல்ல அவர் தலையில் கட்டாதீர்கள். பிள்ளை மேல் இருக்கும் கண் அங்கேதான் தவறும்.

நீங்கள் வர நேரமாகும் நாட்களுக்கு: 12,000-ஐ 26 நாளால் வகுத்தால் சுமார் 460, அதை ஒன்பது மணி நேரத்தால் வகுத்தால் 51. கூடுதல் நேரத்துக்கு ஒன்றரை மடங்கு, மணிக்கு 80 ரூபாய் என்று பேசிக்கொள்ளுங்கள். சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லைதான். ஆனால் இருட்டிய பிறகு அவரை பஸ் ஸ்டாப்பில் நிற்கவிடாதீர்கள், ஆட்டோ காசு உங்களுடையது.

ஞாயிறு போக வருடத்துக்கு 12 நாள் சம்பளத்தோடு விடுப்பு கொடுங்கள். பொங்கல், தீபாவளி, அழகர் ஆற்றில் இறங்கும் நாள், மாசி சிவராத்திரிக்குக் குலசாமி கும்பிடப் போகும் நாள் எல்லாம் இதில் சேராது. இந்தத் தேதிகளைத் தை மாதமே இருவரும் காலண்டரில் குறித்துவிட்டால் கடைசி நேர மனஸ்தாபம் வராது. எடுக்காத விடுப்புக்கு நாளுக்கு 460 ரூபாய். நீங்கள் ஊருக்குப் போய்ப் பூட்டிவைத்த வீட்டுக்கு அவர் சம்பளத்தில் பிடிப்பது நியாயமே இல்லை.

தீபாவளிக்கு ஒரு மாதச் சம்பளம், பண்டிகைக்குப் பதினைந்து நாள் முன்பே, பணமாக. முதல் நாள் இரவு கொடுத்தால் அதற்குள் விளக்குத்தூண் பக்கம் கடன் வாங்கித் துணி எடுத்திருப்பார். சேலை கொடுக்க ஆசையிருந்தால் அது பணத்துக்கு மேல்.

ஜூன் மாதம் பள்ளிக் கட்டணத்துக்கு அட்வான்ஸ் கேட்பார்கள். 10,000 கொடுத்தால் மாதம் 1,000-க்கு மேல் பிடிக்காதீர்கள். மொத்தமாகப் பிடித்தால் குழுக்கடனுக்கும் வட்டிக்காரரிடமும்தான் போவார். ஒரு நோட்டில் தேதி, தொகை, மீதி எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள்.

காப்பீட்டை விடாதீர்கள். அவர் வங்கிக் கணக்கிலேயே வருடம் 20 ரூபாய்க்கு இரண்டு லட்சம் விபத்துக் காப்பீடும், 436 ரூபாய்க்கு இரண்டு லட்சம் ஆயுள் காப்பீடும் எடுக்கலாம். ஆயுள் காப்பீட்டில் 50 வயதுக்குள் சேர வேண்டும். இரண்டுக்கும் தவணை மே மாதக் கடைசியில் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கப்படும். பணம் இல்லாவிட்டால் காப்பீடு நின்றுபோகும். மே நடுவிலேயே 500 ரூபாய் போட்டுவிடுங்கள். தமிழ்நாடு வீட்டுப் பணியாளர்கள் நல வாரியத்திலும் பதிந்துகொடுங்கள். 18 முதல் 60 வயது வரை சேரலாம். பிள்ளைகள் படிப்புக்கு உதவியும் 60-க்குப் பின் ஓய்வூதியமும் உண்டு.

கேள்வி: ஜூனில் பையன் எல்.கே.ஜி. போகிறான். மூன்று வருடம் பார்த்துக்கொண்ட அக்காவை எப்படி அனுப்புவது? சம்பளம் 11,000.
- வாசகர், திருமங்கலம்

பதில்: ஏப்ரலிலேயே சொல்லிவிடுங்கள், வேறு வேலை தேட இரண்டு மாதமாவது வேண்டும். வேலையை விட்டுப் போகும்போது தரும் பணிக்கொடைக்கான (கிராஜுவிட்டி) சட்டம் வீடுகளுக்குப் பொருந்தாது, ஆனால் அதன் கணக்கு நியாயமானது: 11,000-ஐ 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, மூன்று வருடத்துக்கு 19,038 ரூபாய். கடைசிச் சம்பளத்தோடு சேர்த்துக் கொடுங்கள். அட்வான்ஸ் பாக்கி சிறிதாக இருந்தால் அதைக் கழிக்காமல் விட்டுவிடுங்கள். பள்ளிக்கூடம் புதிதில் அரை நாள்தான் இருக்கும், பையனும் அழுவான். ஜூன் முழுக்க அவரை அதே சம்பளத்தில் வைத்துக்கொண்டு ஜூலையில் அனுப்புவது உங்களுக்கும் நல்லது.