மலையகத்துக்கு ஒரு பத்திரிகை: நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

கொழும்பில் ஒரு நாளிதழின் விநியோகப் பகுதியில் வேலை பார்த்துவிட்டு, இப்போது தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த மலையகத்தில், ஹட்டனில் பத்திரிகை ஏஜன்சி நடத்துகிறேன். நம்ம பக்கத்திலிருந்தே ஒரு வாரப் பத்திரிகை கொண்டுவர வேண்டும் என்று நினைக்கும் பிள்ளைகளும், தினமும் பேப்பர் வாங்கிப் படிக்கும் பெரியவர்களும் அனுப்பிய கேள்விகள் இவை. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

தலவாக்கலை, பட்டதாரி இளைஞர்: ஐயா, நாங்கள் நாலு நண்பர்கள். 16 பக்கம், ஆயிரம் பிரதி என்று யோசனை. அச்சுச் செலவை எப்படிக் கணக்குப் போடுவது?

தம்பி, இன்றைய விலையை அச்சகத்தில்தான் கேட்க வேண்டும். நியூஸ்பிரின்ட், அதாவது பத்திரிகைக் கடதாசி, முழுக்க இறக்குமதி என்பதால் டொலரோடு சேர்ந்து ஏறும், இறங்கும். கணக்குப் போடும் விதத்தைச் சொல்கிறேன். டெப்லொயிட் அளவில் (பெரிய நாளிதழ்ப் பக்கத்தில் பாதி) 16 பக்கம் என்றால் மடித்த தாள் நாலு. சதுர மீற்றருக்கு 45 கிராம் கடதாசியில் ஒரு பிரதி ஏறக்குறைய 40 கிராம் வரும். ஆயிரம் பிரதிக்கு 40 கிலோ. ஆக, உங்களுக்குப் பெரிய பாரம் கடதாசி இல்லை.

முதல் பிரதி வெளியே வருவதற்கு முன்னாலேயே ஆகிற செலவுதான் பாரம். பக்கம் அமைக்கிறவர், பிழை திருத்துகிறவர், பிளேட் என்கிற அச்சுத் தகடு. கலர் என்றால் நாலு நிறத்துக்கு நாலு பிளேட். ஆயிரம் அடித்தாலும் பத்தாயிரம் அடித்தாலும் பிளேட் செலவு அதேதான். கடதாசி ரோலாக ஓடும் பெரிய வெப் மெஷினில் நிறம் ஒன்றோடொன்று பொருந்தி வரும்வரை ஓடும் தாளெல்லாம் கழிவு. ஆயிரம் பிரதிக்கு அது கட்டாது, தாள் தாளாக அடிக்கும் ஷீட் ஒப்செட் போதும். இன்னொன்று: வெளித்தாளின் ஒரே முகத்தில்தான் 1ஆம் பக்கமும் 16ஆம் பக்கமும் விழும். அந்த முகத்தை மட்டும் கலரில் அடியுங்கள். முன்பக்கமும் பளிச்சென்று இருக்கும், கடைசிப் பக்கத்தைக் கலர் விளம்பரத்துக்கு விற்கவும் முடியும்.

இராகலை, கடை உரிமையாளர்: பேப்பர் விலையை ஏற்றிக்கொண்டே போகிறார்கள். அப்படியும் நட்டம் என்கிறார்களே, நம்பலாமா?

நம்பலாம் அண்ணே. ஒரு பேச்சுக்கு 50 ரூபாப் பத்திரிகை என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைக்கும் ஏஜன்டுக்கும் சேர்த்துக் கமிஷன் 25 வீதம் என்றால் மிச்சம் 37 ரூபா 50 சதம். 100 அடித்து 80 விற்றால் 3,000 ரூபா கைக்கு வரும். அச்சடித்த ஒவ்வொரு பிரதிக்கும் 30 ரூபாதான் கிடைத்திருக்கிறது. அதற்குள் கடதாசி, அச்சு, வாகனம், சம்பளம் எல்லாம் அடங்க வேண்டும். அடங்காது. மிச்சத்தை விளம்பரம்தான் சுமக்க வேண்டும்.

நமக்கு அடி விழுவது அங்கேதான். கொழும்பில் விளம்பரம் ஒதுக்குகிறவர் எத்தனை பிரதி விற்கிறது என்றுதான் கேட்பார். ஹட்டனில் ஒரு சலூனில் கிடக்கும் ஒற்றைப் பேப்பரைக் காலையிலிருந்து மாலைவரை எத்தனை பேர் புரட்டுகிறார்கள் என்பது அவர் கணக்கில் வராது. தோட்டத்து ஆட்களிடம் வாங்கும் சக்தி இல்லை என்ற பழைய நினைப்பும் இன்னும் போகவில்லை. இன்றைக்கு லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) பிள்ளைகள் நிறையப் பேர் கொழும்பிலும் வெளிநாட்டிலும் உழைத்துப் பணம் அனுப்புகிறார்கள். நகைக்கடை, போன் கடை, டியூஷன் வகுப்பு எல்லாம் நம்ம டவுன்களில் இவர்களை நம்பித்தான் நடக்கிறது. அந்தக் கடைக்காரர்களிடம் நேரில் போய், சிறிய இடத்தைச் சிறிய தொகைக்கு, வாரம் தவறாமல் விற்க ஒரு ஆள் வேண்டும். பத்திரிகை தொடங்குகிற பிள்ளைகள் ஆசிரியருக்கு ஆள் தேடுகிறார்கள், இந்த ஆளைத் தேடுவதில்லை. எனக்கு அதுதான் கவலை.

மரண அறிவித்தல், 31ஆம் நாள் நினைவஞ்சலி, கோயில் தேர்த் திருவிழா அறிவித்தல் இவற்றையும் இளக்காரமாக நினைக்காதீர்கள். தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்பிய 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு தமிழ்நாட்டில் கூடலூர், கோத்தகிரிப் பக்கம் போன உறவுகள்வரை அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்து அனுப்புகிறார்கள்.

பொகவந்தலாவை, ஆசிரியை: அண்ணா, சந்தா கட்டினால் தபாலில் ஒழுங்காக வருமா? நான் இருப்பது லயத்தில்.

தங்கச்சி, ஆசிரியர் குழுக் கூட்டங்களில் யாரும் கேட்காத கேள்வி இது. பத்திரிகையாகத் தபால் திணைக்களத்தில் பதிந்துகொண்டால் சலுகைக் கட்டணத்தில் அனுப்பலாம். கொழும்பிலிருந்து உங்கள் தபால் கந்தோர்வரை வந்து சேர்வதில் பிரச்சினை இல்லை. அதற்குப் பிறகுதான் பிரச்சினை. லயங்களில் பெரும்பாலானவற்றுக்குத் தனி முகவரியே கிடையாது. தபால் தோட்ட ஒபிசுக்குப் போகும், அங்கிருந்து யாராவது தோட்டத்தின் அந்த டிவிஷன் (பிரிவு) பக்கம் வரும்போது கைமாறி வரும். நேர்முகப் பரீட்சைக் கடிதமே நாள் தப்பிக் கிடைக்கிற இடத்தில் வாரப் பத்திரிகை என்ன பாடு படும்? வீட்டுக்கு வீடு முகவரி கொடுக்கச் சொல்லி மலையகம் கேட்பது வெறும் கௌரவத்துக்காக இல்லை. பத்திரிகை நடத்துகிறவனுக்கு அது சோற்றுப் பிரச்சினை.

அதுவரைக்கும் சந்தாவைப் பாடசாலை முகவரிக்குப் போடுங்கள். பத்திரிகை நடத்துகிறவர்களுக்கு நான் சொல்வது: தனித்தனியாக அனுப்பாமல் கட்டாகக் கட்டி, முதல் பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்து, சந்திக் கடையில் இறக்குங்கள். கடைக்காரர் பெயரைக் கட்டின் மேல் பெரிதாக எழுதி, பிளாஸ்டிக்கில் சுற்றுங்கள். மழையில் நனைந்த கட்டைப் பிரித்தால் நடுவில் உள்ளதை மட்டும்தான் விற்கலாம்.

மஸ்கெலியா, கிரிக்கெட் ரசிகர்: இரவு மேட்ச் முடிவு நம்ம பேப்பரில் மட்டும் ஏன் வருவதில்லை?

தூரத்து மாவட்டங்களுக்கான பதிப்பை முன்னிரவிலேயே மூடி அச்சுக்கு அனுப்பிவிடுவார்கள். அவிசாவளை, கினிகத்தேனை வழியாக வாகனம் ஏறி வர வேண்டுமே. நகரப் பதிப்பு பிந்தி மூடும், அதில் முடிவு இருக்கும். வழியில் மண்சரிவு என்றால் நமக்கு வரும் பதிப்பும் மத்தியானம்தான் கிடைக்கும்.

பண்டாரவளை, ஓய்வுபெற்ற அதிபர்: முன்னே பேப்பர் தடிப்பாக இருந்தது. இப்போது மெலிந்துவிட்டது.

2022 நெருக்கடியில் டொலர் இல்லாமல் கடதாசி வரவில்லை ஐயா. அந்த மார்ச் மாதம் தி ஐலண்ட் என்ற ஆங்கில நாளிதழ், திவயின என்ற சிங்கள நாளிதழ் இரண்டும் சனிக்கிழமைப் பதிப்பையே நிறுத்தின. அப்போது குறைந்த பக்கங்கள் பிறகு முழுதாகத் திரும்பவில்லை.

கொட்டகலை, பல்கலைக்கழக மாணவி: நடேசய்யர் காலத்தில் எப்படி நடத்தினார்கள்?

தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் கட்டிய கோ. நடேசய்யர் 1924இல் தேசபக்தன் பத்திரிகையைத் தொடங்கினார். அவர் மனைவி மீனாட்சி அம்மையார் பத்திரிகை வேலையையும் சேர்ந்து பார்த்தார், தொழிலாளர் நடுவே பாட்டும் பாடினார். வெளியாள் தோட்டத்துக்குள் கால் வைக்க முடியாத காலம். புடவை வியாபாரி வேடத்தில் அய்யர் உள்ளே போன கதை எல்லோருக்கும் தெரியும். ஒரு விநியோகக்காரனாக எனக்கு அந்தக் கதையில் படுவது வேறு: எழுதுகிறவரே வாசகனிடம் போய்ச் சேரும் வழியையும் கண்டுபிடித்தார். 1930இல் சுப்பிரமணியம் செட்டியார் தொடங்கிய வீரகேசரி இன்றுவரை நாளிதழாக வருகிறது. அது நிலைத்ததற்குப் பின்னால் ஊர் ஊராக இருந்த ஏஜன்ட்மாரின் உழைப்பும் இருக்கிறது.

நோர்வூட், சட்டம் படிப்பவர்: பதிவு கட்டாயமா?

ஆம். 1839ஆம் ஆண்டுச் செய்தித்தாள் கட்டளைச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. தேசிய சுவடிகள் திணைக்களத்தில் விசாரியுங்கள். அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் ஒவ்வொரு இதழிலும் இருக்க வேண்டும். அவதூறைக் கிரிமினல் குற்றமாக்கிய சட்டப் பிரிவு 2002இல் நீக்கப்பட்டது, ஆனால் நட்டஈடு கேட்டு வழக்குப் போடலாம். பெயர் சொல்லி எழுதினால் ஆதாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு எழுதுங்கள்.

பதுளை, பிராந்திய நிருபர்: வெளிவந்த செய்திக்கு மட்டும் காசு. பஸ் காசுக்கும் காணாது.

தம்பி, இது அநியாயம். ஒரு தோட்டத்துக்கு ஏறி இறங்கி, இரண்டு தரப்பையும் கேட்டு எழுத ஒரு நாள் போய்விடும். இப்படி வைத்திருந்தால் நிருபர் ஏதாவது தொழிற்சங்கத்தின் வாகனத்தில் ஏறித்தான் செய்திக்குப் போவார், பிறகு அந்தச் சங்கத்தின் செய்திதான் வரும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் நாலு பக்கத்தைக் குறைத்தாவது நிருபருக்கு மாதக் காசும் போக்குவரத்தும் கொடுங்கள்.

ஹட்டன், வாட்ஸ்அப் குழு நடத்துபவர்: அன்றைய பேப்பரை முழுதாக நாங்கள் காலையிலேயே குழுவில் பிடிஎஃப் போட்டுவிடுகிறோம். அது உதவிதானே?

இல்லை தம்பி. பணம் கட்டி எடுக்க வேண்டியதை நீங்கள் இலவசமாகக் கொடுக்கிறீர்கள். முன்பக்கத்தை மட்டும் போட்டு, எந்தக் கடையில் கிடைக்கும் என்று எழுதினால் அது உதவி.

நானுஓயா, வாசகர்: அப்பா சேர்த்த பழைய தோட்டப்பகுதிப் பத்திரிகைக் கட்டுகள் பரணில் கிடக்கின்றன. என்ன செய்யலாம்?

பழைய பேப்பர் கடையில் எடைக்கு விற்றுவிடாதீர்கள். ஈரமில்லாத பெட்டிக்கு மாற்றி, ஆண்டு வாரியாகப் பெயரை எழுதிவைத்து, நூலகம் நிறுவனத்துக்குத் தகவல் கொடுங்கள். இலங்கைத் தமிழ் இதழ்களை ஸ்கேன் செய்து இணையத்தில் வைப்பவர்கள் அவர்கள். மடிப்பில் கிழிந்திருந்தால் செலோடேப் மட்டும் ஒட்டாதீர்கள், நாளாக நாளாக எழுத்தையே மஞ்சளாக்கிவிடும்.