அட்டாலியில் கிடக்கும் துப்பாக்கிப் பெட்டி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: அப்புச்சி வெச்சிருந்த பன்னெண்டு போர் (bore, குழலோட அளவு) ரெட்டைக்குழல் துப்பாக்கியை, அவர் காலத்துக்கு அப்புறம் லைசென்ஸ் உள்ள கடை மூலமா வித்துட்டோமுங்க. அது வந்த தோல் பொட்டி மட்டும் அட்டாலியில கிடக்குது. உள்ளே செவப்புக் கம்பளித்துணி ஒட்டியிருக்கு, மூடியில கம்பெனி லேபிள் இருக்கு. பழைய சாமான்காரர் 800 ரூபாய்க்குக் கேக்கறாருங்க. குடுத்துடலாமா?
(வாசகர், பொள்ளாச்சி)

பதில்: கொடுக்காதீர்கள். காலிப் பெட்டியை வைத்திருக்க லைசென்ஸ் தேவையில்லை, அதனால் அவசரமும் இல்லை. முதலில் அது என்ன பெட்டி என்று பாருங்கள். தோல் கிழிந்த ஒரு மூலையில் உள்ளே எட்டிப் பார்த்தால் மரம் தெரியும். ஓக் மரத்தின் மேல் தோல் போர்த்தி, மூலைகளுக்குப் பித்தளைக் கவசம் அடித்திருந்தால் அது இங்கிலாந்தின் உயர்தரப் பெட்டி. சாதாரண மரத்தின் மேல் கித்தான் ஒட்டியது அதற்கு அடுத்த தரம். ஆட்டுத்தொடை வடிவில் தைத்த தோல் உறையாக இருந்தால் அது எடுத்துப் போக வசதிக்காகச் செய்தது, விலையும் குறைவு.

அடுத்தது லேபிள். அதில் உள்ள விலாசம்தான் காலத்தைச் சொல்லும். லண்டனின் பர்டே (Purdey) துப்பாக்கிக் கம்பெனி 1826-லிருந்து ஆக்ஸ்போர்டு தெரு 314½ என்ற விலாசத்தில் இருந்தது. 1880-களின் தொடக்கத்தில் சவுத் ஆட்லி தெருவுக்குப் போய்விட்டது. 1900-இல் செய்த துப்பாக்கியின் பெட்டியில் 314½ லேபிள் இருந்தால், இரண்டில் ஒன்று வேறு இடத்திலிருந்து வந்தது. 'வெப்லி அண்ட் ஸ்காட்' என்ற இங்கிலாந்துத் துப்பாக்கிக் கம்பெனியின் பெயர் 1897-க்கு முன் கிடையாது. கல்கத்தாவின் மான்டன், ரோடா போன்ற கடைகளின் லேபிள் இருந்தால் மனம் தளர வேண்டாம். இங்கே எஸ்டேட்காரர்களும் பண்ணைக்காரர்களும் அந்தக் கடைகள் வழியாக வாங்கியதும் உண்டு. இந்திய விலாசத்தில் ஆறு இலக்க பின்கோடு இருந்தால் அந்த லேபிள் 1972 ஆகஸ்டுக்குப் பிந்தியது. விலை அணாவில் எழுதியிருந்தால் பெரும்பாலும் 1957-க்கு முந்தியது.

மூன்றாவதாக டேப்பை எடுத்து, குழல் வைக்கும் பள்ளத்தை உட்புறமாக அளந்து பாருங்கள். உங்கள் அப்புச்சியின் துப்பாக்கிக் குழல் 28 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். அதற்கென்று செய்த பெட்டி என்றால் பள்ளம் அதைவிட ஒரு விரற்கடைதான் கூடுதலாக இருக்கும். 30 அங்குலக் குழல் வைக்கும் அளவுக்குத் தாராளமாக இருந்தால் அந்தப் பெட்டி உங்கள் அப்புச்சியின் துப்பாக்கிக்குப் பிறந்ததல்ல. தடுப்புகளை இடம் மாற்றியிருந்தால் துணியே காட்டிக்கொடுத்துவிடும்: பழைய தடுப்பு நின்ற இடத்தில் சிவப்பு வெளுக்காமல் ஒரு கோடாக நிற்கும், அதன் ஓரத்தில் காய்ந்த வச்சிரப்பசை விரலில் சொரசொரப்பாகத் தட்டுப்படும். திருப்புளி, எண்ணெய்ச் சீசா, குழல் துடைக்கும் கோல் எல்லாம் அதனதன் குழியில் இருந்தால் பெட்டியின் மதிப்பு நன்றாகவே ஏறும். ஒன்று குறைந்தால் வேறு கம்பெனிச் சீசாவை வாங்கிச் சொருகாதீர்கள், குழி காலியாகவே இருக்கட்டும்.

இந்தப் பெட்டிக்கு உலகத்திலேயே அதிக விலை கொடுக்கக்கூடியவர் ஒருவர்தான்: அந்தத் துப்பாக்கி இப்போது யாரிடம் இருக்கிறதோ அவர். விற்றுக்கொடுத்த கடையின் பதிவேட்டில் வாங்கியவர் விவரம் இருக்கும். கடைக்காரர் வழியாகவே "பெட்டி எங்ககிட்ட இருக்குதுங்க" என்று சொல்லி அனுப்புங்கள். பிரிந்த இரண்டும் ஒரே வீட்டில் சேர்வதுதான் அந்தப் பொருளுக்கு நாம் செய்யும் மரியாதை. விலையும் அங்கேதான் இருக்கிறது.

கேள்வி: எங்க அப்பாரு சேத்து வெச்ச தோட்டா அட்டைப்பொட்டிக ஏழெட்டு இருக்குதுங்க. எலி (Eley), கைனாக்குன்னு (Kynoch) போட்டிருக்கு. ரெண்டு பொட்டியில தோட்டா அப்படியே இருக்குது. பொட்டியோட வெச்சுக்கலாமா?
(வாசகர், கோபிசெட்டிபாளையம்)

பதில்: பெட்டியை வைத்துக்கொள்ளலாம். லைசென்ஸ் இல்லாமல் தோட்டாவை ஒரு நாள்கூட வைத்திருக்கக் கூடாது. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தில் தோட்டாவின் பாகங்களும் தோட்டா கணக்கில்தான் வரும். பழைய கேப்பு (துப்பாக்கியில் மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடி) வைத்த வட்டத் தகர டப்பாவில் நாலு கேப்பு ஒட்டிக்கொண்டிருந்தாலும் அது சிக்கல்தான். 'பழசுங்க, வெடிக்காது' என்ற பேச்சு எடுபடாது, உண்மையும் அல்ல. அறுபது வருஷத் தோட்டா வெடித்ததும் உண்டு.

லைசென்ஸ்தாரர் காலமானால், துப்பாக்கியைப் போலவே தோட்டாவையும் தாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைக்க அதே சட்டத்தின் 21-ஆம் பிரிவு வழி சொல்கிறது. நிலையத்துக்கு முன்கூட்டியே தகவல் சொல்லிவிடுங்கள். கடிதத்தில் எண்ணிக்கை, போர் அளவு, பெட்டியில் உள்ள பெயர், லைசென்ஸ்தாரர் பெயர், பழைய லைசென்ஸ் எண் எல்லாம் இருக்கட்டும். காலிப் பெட்டியை நீங்களே வைத்துக்கொள்வதாகவும் அதில் ஒரு வரி சேருங்கள். இல்லையென்றால் பெட்டியும் சேர்ந்து போய்விடும். ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். பித்தளையில் பச்சை பூத்த தோட்டாவைத் துடைப்பது, பிரிப்பது, பழைய இரும்புக்கடையில் போடுவது எதுவும் கூடாது.

இனி பெட்டிகளுக்கு வருவோம். எலியும் கைனாக்கும் இங்கிலாந்தின் தனித்தனித் தோட்டாக் கம்பெனிகள். 1918-இல் ஒரே குடையின் கீழ் வந்து, 1926-இல் ஐ.சி.ஐ. என்ற பெரிய ரசாயனக் கம்பெனி உருவானபோது அதற்குள் போயின. ஆகவே ஐ.சி.ஐ. முத்திரை உள்ள பெட்டி 1926-க்கு முந்தியதாக இருக்க முடியாது. கம்பெனி தன் பெயரில் மட்டும் நிற்கும் பழைய பெட்டியைத் தேடுகிறவர்கள் அதிகம். புனேயின் கடகியில் உள்ள அரசுத் தோட்டாத் தொழிற்சாலையின் 'சக்திமான்' பெட்டிகளை நம் ஊரில் இன்னும் யாரும் மதிப்பதில்லை. அந்த அட்டைகளில் காகிதக் குழல் காலத்தவை கிடைத்தால் எடுத்து வையுங்கள். எல்லோரும் கிழித்து எறிந்ததால் அவை குறைந்துகொண்டே போகின்றன.

கேள்வி: அமெரிக்க ரிவால்வரின், இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய அட்டைப்பெட்டி, ஒரிஜினல் என்று ஒருவர் விற்கிறார். எப்படி நம்புவது?
(வாசகர், ஈரோடு)

பதில்: அங்கே 1930-களின் கோல்ட், ஸ்மித் அண்ட் வெஸன் பெட்டிகள் காலியாகவே சில நூறு டாலருக்குப் போவதால் போலிகள் தாராளம். மூன்று சோதனைகளைச் செய்யுங்கள்.

ரூபாய் நோட்டைச் சோதிக்கும் ஊதா விளக்கை இருட்டில் லேபிள் மேல் அடியுங்கள். பளீரென்று நீலமாக ஒளிர்ந்தால் காகிதம் பெரும்பாலும் 1950-க்குப் பிந்தியது, ஏனென்றால் வெண்மையூட்டும் ரசாயனத்தை அதன் பிறகுதான் காகிதத்தில் பரவலாகக் கலந்தார்கள். ஒளிராவிட்டால் தப்பித்தது என்று மட்டும் அர்த்தம், ஒரிஜினல் என்று அர்த்தமல்ல.

பிறகு நகைக்கடைக்காரர் பார்க்கும் பத்து மடங்கு லென்ஸால் எழுத்தைப் பாருங்கள். அச்சுக்கோப்பில் அடித்த எழுத்தின் விளிம்பில் மை பிதுங்கி நிற்கும், லேபிள் பெயர்ந்திருந்தால் அதன் பின்பக்கம் தடவும்போது லேசான மேடு தெரியும். கம்ப்யூட்டர் பிரிண்டில் நிறப்புள்ளிகள் மணல் தூவியதுபோல் இருக்கும்.

மூன்றாவது எண். ஸ்மித் பெட்டியின் அடிப்புறத்தில் துப்பாக்கியின் தொடர் எண்ணை மெழுகுப் பென்சிலால் கையால் எழுதுவது கம்பெனி வழக்கம். அந்த எண்ணை அழித்துவிட்டு வேறு எண் எழுதுவதுதான் அதிகம் நடக்கும் மோசடி. விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் தேய்த்த இடத்தில் அட்டையின் மினுமினுப்பு போய், நார் எழும்பி நிற்பது தெரியும். எண் பொருந்தாத நல்ல பெட்டியை வாங்கலாம், ஆனால் பொருந்தாத பெட்டிக்குரிய விலையில்தான். திருத்திய பெட்டியை எந்த விலைக்கும் வாங்க வேண்டாம்.

கேள்வி: கிழிந்த மூலைகளை ஒட்டலாமா? பூச்சிக்கு என்ன செய்வது?
(வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: செல்லோடேப் கூடவே கூடாது. சில வருடங்களில் அதன் பசை மஞ்சளாகி அட்டைக்குள் இறங்கிவிடும், பிறகு எடுக்க வழியில்லை. மைதாப் பசை வெள்ளிப்பூச்சிக்கு விருந்து. பைண்டிங்காரர்கள் அதில் மயில்துத்தம் என்ற செம்பு உப்பைக் கலப்பார்கள், பூச்சி வராதுதான், ஆனால் அந்தச் செம்பு காகிதத்தை மெல்ல நொறுங்க வைக்கும். கிழிந்ததைக் கிழிந்தபடி விட்டு, அமிலமில்லாத அட்டையில் தாங்கல் கொடுத்து பாலியஸ்டர் உறையில் போடுங்கள். பி.வி.சி. உறை வேண்டாம்.

பூச்சி ஏறிய அட்டைப்பெட்டியை இரட்டை பாலித்தீனில் காற்றுப் போகாமல் கட்டி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பிரிக்காமல் ஒரு நாள் விடுங்கள், இல்லையென்றால் வியர்த்து லேபிள் ஊறிவிடும். தோல் பெட்டிக்கும் மரப்பெட்டிக்கும் இதைச் செய்ய வேண்டாம்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருப்பதால் நம் பக்கம் பல மாதங்கள் உலர்ந்தே இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில்தான் பூஞ்சை வரும். ஈரப்பத மீட்டர் ஒன்று வாங்கி வைத்து 45-லிருந்து 55 சதவீதத்துக்குள் பார்த்துக்கொள்ளுங்கள். சிலிக்கா ஜெல்லை அள்ளிப் போட்டால் தோல் வெடிக்கும்.

லைசென்ஸோடு துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: அதைத் தோல் பெட்டியில் பூட்டி வைக்காதீர்கள். தோல் ஈரத்தை இழுத்து இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும். ஓக் மரம் காடி போன்ற ஆவியை விடும், அதில் ஈயக் குண்டுகள் வெள்ளைப் பொடி பூக்கும். தேர்தல் நேரத்தில் காவல் நிலையத்தில் ஒப்படைக்கும்போதும் பெட்டி வீட்டிலேயே இருக்கட்டும், சாதாரண கித்தான் உறை போதும்.

கேள்வி: வெளிநாட்டில் வாங்க ஆள் இருக்கிறார். பெட்டியை அனுப்பலாமா?
(வாசகர், திருப்பூர்)

பதில்: 100 வருடம் தாண்டிய பொருள் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்துக்குள் வரக்கூடும். அப்படி வந்தால் தனியார் ஏற்றுமதி செய்ய முடியாது. வயதில் சந்தேகம் இருந்தால் கூரியரில் போடும் முன், அது தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழை இந்தியத் தொல்லியல் துறையிடம் வாங்கிக்கொள்ளுங்கள். விண்ணப்பத்துக்கு லேபிள், பூட்டு, மூலைக் கவசம், அடிப்புறம் நான்கையும் தனித்தனியாகப் படம் எடுத்து வையுங்கள்.