கோலாலம்பூரில் குப்பையைப் பிரித்துப் போடும்போது எல்லாவற்றையும் கழுவ வேண்டுமா?

அடுக்குமாடியிலிருந்து செந்தூலில் தரை வீட்டுக்கு மாறியிருக்கிறீர்கள். எதை எந்தப் பையில் போடுவது, கழுவித்தான் போட வேண்டுமா, பினாங்கில் இருக்கும் அக்கா வேறு மாதிரி சொல்கிறாரே என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் செந்தூல்தான், தரை வீடுதான்.

அக்கா சொல்வது அவர் ஊருக்குச் சரி. திடக்கழிவு நிர்வாகத்துக்கான 672-ஆவது சட்டத்தின்கீழ் கோலாலம்பூரில் 2015 செப்டம்பர் 1 முதல் வீட்டிலேயே குப்பையைப் பிரிப்பது கட்டாயம். மீறினால் 1,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம் உண்டு. பினாங்கு அந்தச் சட்டத்தில் சேரவில்லை, அங்கே மாநிலத்தின் சொந்த ஏற்பாடு. நமக்கு வாரத்தில் இரண்டு நாள் சாதாரணக் குப்பை லோரி, ஒரு நாள் மறுசுழற்சி லோரி. எந்த நாள் என்பது தாமானுக்குத் தாமான் (குடியிருப்புக்குக் குடியிருப்பு) மாறும், பக்கத்து வீட்டில் கேட்டுக்கொள்ளுங்கள். காகிதத்துக்கு நீலப் பை, பிளாஸ்டிக்குக்கு வெள்ளை, டின், கண்ணாடி, துணி போன்ற மற்றவைக்குப் பச்சை. இதற்காகப் புதுப் பை வாங்க வேண்டாம். கடைப் பையிலேயே போட்டு, உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதி ஒட்டினால் போதும்.

கழுவும் விஷயத்துக்கு வருகிறேன். வந்த புதிதில் ஒரு மாதப் பத்திரிகைகளை அடுக்கிக் கட்டி, அதே பையில் கறி வாங்கிய பிளாஸ்டிக் டப்பா ஒன்றையும் செருகி வைத்தேன். லோரியில் வந்தவர் முடிச்சை அவிழ்த்துப் பத்திரிகைக் கட்டை வெளியே எடுத்தார். மேல் தாளில் கையகலத்துக்கு மஞ்சள் எண்ணெய். ஒவ்வொரு தாளாகப் புரட்டிக் காட்டினார்; பத்துப் பன்னிரண்டு தாள் வரை இறங்கியிருந்தது. "கெர்தாஸ் பாசா தா போலே, காக்" என்று மலாயில் சொன்னார், நனைந்த காகிதத்தை எடுக்க முடியாது அக்கா என்று. அந்தக் கட்டு முழுவதும் குப்பைக்குத்தான் போனது. ஒரு டப்பாவால் ஒரு மாதக் காகிதம் வீணாகிவிட்டதே என்று மனசு ரொம்ப வலித்தது. காகித ஆலையில் தாளைத் தண்ணீரில் கரைத்துக் கூழாக்குவார்கள். எண்ணெய் அந்தக் கூழில் பிரியாமல் ஒட்டிக்கொள்ளும், புதுத் தாளிலும் கறை விழும்.

அதனால் கழுவத்தான் வேண்டும். ஆனால் சோப்புப் போட்டுத் தேய்க்க வேண்டியதில்லை, அதற்கென்று குழாயும் திறக்க வேண்டாம். அடிக்கடி தண்ணீர்த் தடை வரும் ஊர் இது. பாத்திரம் அலசிய கடைசித் தண்ணீரை வீணாக்காமல் டின்னில் ஊற்றி ஒரு குலுக்கு, பிறகு கவிழ்த்து இரவு முழுக்கக் காயவிடுங்கள். தேநீருக்கு வாங்கும் கெட்டிப்பால் டின்னை மட்டும் அப்படியே விடாதீர்கள். விடிவதற்குள் எறும்பு மொய்த்துவிடும். பால், மைலோ பெட்டிகளை வெட்டித் திறந்து, அலசி, தட்டையாக்கிக் காகிதத்தோடு வையுங்கள். பார்க்க அட்டைதான், உள்ளே பிளாஸ்டிக்கும் மெல்லிய அலுமினியமும் படிந்திருக்கும், அதனால்தான் மூடியே வைத்தால் காயாமல் நாறும்.

நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) கட்டி வரும் பழுப்புத் தாள் காகிதப் பைக்கு ஆகாது. உள்பக்கம் வழுவழுவென்று இருப்பது பிளாஸ்டிக் பூச்சு, அதோடு சம்பல் எண்ணெய் வேறு. டிஷ்யூ, பேம்பர்ஸ், சாப்பாட்டு மிச்சம் எல்லாம் சாதாரணக் குப்பைதான். சாமிக்குப் போட்ட பூவையும் வாழை இலையையும் நான் செடிக்கு உரமாகப் புதைத்துவிடுவேன்.

தீபாவளிக்கு முறுக்கு அடைத்து வரும் சிவப்பு மூடி போத்தலைத் தூக்கிப் போட மனசு வராது, தெரியும். வீட்டில் பருப்பு போட்டு வைக்க உதவாதவற்றை மட்டும் எண்ணெய்ப் பிசுக்குப் போகத் துடைத்து பிளாஸ்டிக் பையில் சேருங்கள். முறுக்குச் சுட்ட எண்ணெயைத் தயவுசெய்து சிங்க்கில் ஊற்றாதீர்கள். ஆறியதும் போத்தலில் நிரப்பி வையுங்கள், கிலோ கணக்கில் காசு கொடுத்து வாங்கிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அது பயோடீசலாகிறது. சிங்க்கில் போனால் குளிர்ந்து கெட்டியாகிக் குழாயை அடைத்துவிடும்.

பழைய மெத்தை, நாற்காலி, வெட்டிய கிளைகள் இவற்றையும் மறுசுழற்சி நாளிலேயே வெளியே வைக்கலாம். பையில் திணிக்காமல் தனியாக வையுங்கள்.

உடைந்த கண்ணாடியில்தான் மிகவும் கவனம் வேண்டும். பையைத் தூக்குகிறவரின் கையுறை மெல்லியது, சிலருக்கு அதுவும் இருக்காது. நான் நாலைந்து தாளில் சுற்றி, டேப் ஒட்டி, மேலே பெரிய எழுத்தில் 'காச்சா' என்று மலாயில் எழுதி, மற்ற பைகளோடு சேர்க்காமல் கேட் ஓரமாக வைப்பேன்.