சினை ஆட்டின் தீவனம் குட்டியை எப்படிப் பாதிக்கிறது?

விருத்தாசலம் பக்கம் செம்மறி வளர்க்கும் நண்பர், நன்றாக மேயும் ஆடு ஏன் நோஞ்சான் குட்டி ஈனுகிறது என்று கேட்டிருக்கிறார். செம்மறியின் சினைக்காலம் ஏறத்தாழ 150 நாள். நஞ்சுக்கொடி முதல் 90 நாளிலேயே பெரும்பாலும் வளர்ந்துவிடும், ஆனால் குட்டியின் எடையில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு கடைசி 6 வாரத்தில்தான் ஏறுகிறது. அப்போது கருப்பை இரைப்பையை நெருக்குவதால், காய்ந்த புல்லை மட்டும் மேயும் தாய்க்குச் சத்து போதாது. குட்டியின் தசை இழைகளின் எண்ணிக்கை பெரும்பாலும் பிறப்பதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. கருவில் விட்டதைப் பிறகு தீவனம் போட்டு முழுவதும் ஈடுகட்ட முடியாது என்பதையே நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். சீம்பாலும் குறையும், ஐப்பசி மழையில் நனைந்த மெலிந்த குட்டி நடுங்கிச் சுருண்டுவிடும். ஆகவே அந்த 6 வாரமும் கடலைக்கொடியோடு கம்பும் கடலைப் பிண்ணாக்கும் சிறுகச் சிறுகக் கூட்டிக் கொடுங்கள். தாயின் முதுகெலும்பைத் தடவிப் பாருங்கள். கையில் கூர்மையாகக் குத்தினால் அது மெலிந்திருக்கிறது. இரட்டைக் குட்டி சுமக்கும் ஆடு தீவனத்தை ஒதுக்கித் தனியே தலைதொங்க நின்றால், அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.