கேள்வி - பதில்: ஆபீஸ் காலண்டரும் சொந்தக் காலண்டரும்

கேள்வி: எங்கள் டீமுக்கு ஒரு பொதுக் கூகுள் காலண்டர் இருக்கிறது. அதை டவுன்லோடு செய்து என் சொந்த ஜிமெயில் காலண்டரில் ஏற்றிவைத்தேன். மதியம் 3 மணி மீட்டிங்கைக் காலை 10க்கு மாற்றிய பிறகும் என் போன் 3 என்றே காட்டுகிறது. மகளின் ஸ்கூலுக்குப் போக வேண்டிய நேரத்தில் டீம் லீடர் மீட்டிங் வேறு போட்டுவிடுகிறார். இரண்டையும் இணைக்க முடியாதா?
- வாசகி, கோவை

பதில்: நீங்கள் செய்தது இம்போர்ட். அது அன்றைக்கு எடுத்த ஜெராக்ஸ் மாதிரி, மூலத்தில் என்ன மாறினாலும் இதில் மாறாது. இதற்குப் பதில் லிங்க் கொடுத்து சப்ஸ்கிரைப் செய்யச் சொல்வார்கள். அது தானாகப் புதுப்பித்துக்கொள்ளும், ஆனால் மாற்றம் வந்து சேர 12 மணி நேரம் வரை ஆகலாம் என்று கூகுளே சொல்கிறது, அவுட்லுக்கில் ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம், அப்புறம் காலை 9 மணிக்கு மாற்றிய 10 மணி மீட்டிங் எப்படித் தெரியும்? இப்படி சப்ஸ்கிரைப் செய்யக் கூகுள் தருகிற ரகசிய ஐகேல் (iCal) லிங்க் என்று ஒன்று உண்டே, அதை வாட்ஸ்அப் குரூப்பில் மட்டும் போட்டுவிடாதீர்கள். கையில் கிடைத்த யாரும் பாஸ்வேர்டு இல்லாமலே எல்லாவற்றையும் படிக்கலாம்.

என்னைக் கேட்டால் இணைக்கவே வேண்டாம். போனில் கூகுள் காலண்டர் ஆப்பில் ஆபீஸ் அக்கவுண்டையும் சேருங்கள் (ஐடி பிரிவு அனுமதித்தால்), டீம் காலண்டருக்கு டிக் போடுங்கள், இரண்டும் ஒரே திரையில் வரும், மாற்றமும் உடனுக்குடன் வரும். ஐபோனோடு வருகிற காலண்டர் ஆப்தான் பழக்கம் என்றால், பிரவுசரில் கூகுளின் சிங்க்செலக்ட் பக்கம் போய் டீம் காலண்டரைத் தேர்ந்தெடுத்தால்தான் அதில் தெரியும். ஏற்கெனவே ஏற்றிய பழையதை ஒவ்வொன்றாக அழிக்க வேண்டியிருக்கும், சலிப்பான வேலைதான்.

ஸ்கூல் விஷயம்தான் பலரும் கோட்டை விடுகிற இடம். சொந்தக் காலண்டரை உங்கள் ஆபீஸ் அக்கவுண்டுக்கு ஷேர் செய்தால் நீங்கள் பார்க்கலாம், அவ்வளவுதான். டீம் லீடர் உங்களுக்கு நேரம் இருக்கிறதா என்று தேடும்போது அது கணக்கில் வராது. ஸ்கூல் நேரத்தைப் போடும்போதே உங்கள் ஆபீஸ் மெயிலையும் கெஸ்ட்டாகச் சேர்த்துவிடுங்கள். ஆபீஸ் பக்கம் வரும் பதிவை ஏற்றுக்கொண்டு, அதை பிரைவேட் என்றும் பிஸி என்றும் மாற்றினால் நேரம் அடைபட்டிருப்பது மட்டும் மற்றவர்களுக்குத் தெரியும், காரணம் தெரியாது. அதற்கு மேலும் அவர் மீட்டிங் போட்டால் அது காலண்டர் கோளாறு இல்லை, நேரில்தான் பேச வேண்டும்.

கேள்வி: நியூயார்க் கிளையன்ட்டுடன் வாராந்திர மீட்டிங் இரவு 7.30க்கு இருந்தது, மார்ச்சில் தானாக 6.30 ஆகிவிட்டது. சிங்க் பிரச்சினையா?
- வாசகர், திருச்சி

பதில்: இல்லை. அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுகிறார்கள், நவம்பர் முதல் ஞாயிறு பழையபடி ஆக்குகிறார்கள். மீட்டிங்கை அவர்கள் ஊர் நேரம் காலை 9 என்று போட்டிருப்பதால் அங்கே அது 9லேயே நிற்கிறது, நம் பக்கம் நகர்கிறது. இந்திய நேரத்தில் போட்டால் அவர்கள் பக்கம் நகரும். கிளையன்ட் ஒப்புக்கொள்வாரா என்று கேட்டுப் பாருங்கள்.