வாசகர் கேள்வி-பதில்: பகிர்ந்த படமும் பகிர்ந்தவர் பொறுப்பும்

கேள்வி: வகுப்புத் தோழி ஒருத்தியின் படத்தைக் கேலி வாசகத்துடன் யாரோ வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார்கள். அதை நான் ஒரே ஒரு நண்பனுக்கு அனுப்பினேன். இப்போது பள்ளி முழுவதும் பரவிவிட்டது. அவள் வகுப்புக்கு வருவதையே நிறுத்திவிட்டாள். படத்தைத் தயாரித்தவன் நான் அல்லன். என்னிடம் இருந்ததையும் அழித்துவிட்டேன். இன்னும் எனக்குப் பொறுப்பு உண்டா?
- பெயர் வெளியிட விரும்பாத மாணவர்

பதில்: உண்டு. ஒருவருக்குத்தானே அனுப்புகிறோம் என்று எண்ணிய பலர் சேர்ந்துதான் அந்தப் படத்தைப் பள்ளி முழுவதும் கொண்டு சேர்த்திருக்கிறார்கள். உங்கள் செல்பேசியில் அழித்ததால் நண்பனிடம் உள்ள பிரதி அழிந்துவிடாது. அனுப்பியதைப் பெற்றவரிடமிருந்தும் நீக்கும் வசதி வாட்ஸ்அப்பில் ஏறத்தாழ இரண்டு நாட்களுக்கே உண்டு. அதற்குள் நீக்கினாலும், அவர் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தால் பயனில்லை. ஆகவே அந்த நண்பனிடம் நேரில் பேசுங்கள். அவன் யாருக்கு அனுப்பினான் என்று கேட்டு, அவர்களையும் நீக்கச் சொல்லுங்கள். குழு அட்மின் மற்றவர்கள் போட்டதையும் அனைவரிடமிருந்தும் நீக்க முடியும் என்பதால், அவரிடம் இன்றே கேளுங்கள். நம்பிக்கைக்குரிய ஆசிரியர் ஒருவரிடமும் சொல்லுங்கள். ஆனால் சாட்சி என்ற பெயரில் படத்தை மீண்டும் யாருக்கும் அனுப்ப வேண்டாம்.

இவற்றைவிடக் கடினமானது அந்தத் தோழியிடம் மன்னிப்புக் கேட்பது. ஸ்டேட்டஸில் பொதுவாக எழுதினால் படத்தைப் பார்க்காதவர்களும் தேடிப் பார்ப்பார்கள் என்பதால், அவளிடம் மட்டும், 'நான் தயாரிக்கவில்லை' என்ற சமாதானம் எதுவும் சேர்க்காமல் கேளுங்கள். உடனே மன்னிக்க வேண்டிய கடமை அவளுக்கு இல்லை.

கேள்வி: எனக்கு வயது 17. இணையத்தில் அறிமுகமான ஒருவர், நான் அனுப்பிய அந்தரங்கப் படத்தை வைத்துப் பணம் கேட்டு மிரட்டுகிறார். வீட்டில் சொல்லப் பயமாக இருக்கிறது.
- ஒரு வாசகி

பதில்: முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மகளே: குற்றம் செய்தவர் மிரட்டுபவர்தான். பணம் கொடுக்காதீர்கள், ஒருமுறை கொடுத்தால் மீண்டும் கேட்பார்கள். அவரது கணக்கையும் மிரட்டல் செய்திகளையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு, அவரை பிளாக் செய்யுங்கள். உரையாடலை அழிக்காதீர்கள், காவல்துறைக்கு அதுவே சான்று.

18 வயதுக்கு முன் எடுத்த இத்தகைய படங்களுக்காக அமெரிக்காவின் காணாமற்போன, சுரண்டப்பட்ட குழந்தைகளுக்கான தேசிய மையம் 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவையை நடத்துகிறது; எந்த நாட்டிலிருந்தும் பெயர் சொல்லாமலே பயன்படுத்தலாம். படம் உங்கள் செல்பேசியை விட்டு வெளியே போவதில்லை. அதிலிருந்து உருவாகும் எண்மக் கைரேகை (அந்தப் படத்தை அடையாளம் காட்டும் குறியீடு) மட்டும் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், டிக்டாக் போன்ற தளங்களுக்குச் சென்று, அங்கே அந்தப் படத்தைக் கண்டறிந்து நீக்க உதவுகிறது. இந்தச் சேவையில் சேராத தளங்களையும், மறையாக்கம் செய்யப்பட்ட, அதாவது அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே பார்க்கக்கூடிய தனி உரையாடல்களையும் இதனால் எட்ட முடியாது.

இவை எதையும் நீங்கள் தனியாகச் செய்ய வேண்டாம். பெற்றோரின் கோபத்தை நினைத்து நாளைத் தள்ளிப்போடுவது மிரட்டுபவருக்கே வசதி. வாய்விட்டுச் சொல்ல முடியாவிட்டால், இந்தக் கடிதத்தில் எனக்கு எழுதியதையே அம்மாவுக்கும் எழுதிக் கொடுங்கள்.